வாசலில் ஒட்டிய தாள்

"மார்ச் 12, வியாழன். இன்று ஒரு சின்னப் பிழை செய்தேன். உணவுப் பாதுகாப்பு அலுவலர் கொடுத்த ஆய்வுத் தாளை அக்காவின் சாப்பாட்டுக் கடை வாசலில் ஒட்டினேன். சின்னப் பிழை என்று எழுதியது சரியா என்று தெரியவில்லை. நேற்று மதியம் நாற்பத்திரண்டு பேர் சாப்பிட்டார்கள். இன்று பதினொரு பேர்."

மாலை நேரக் கணினி வகுப்பில், தட்டச்சு கைக்கு வரட்டும் என்று சார் தினமும் நாட்குறிப்பு அடிக்கச் சொல்லியிருந்தார். பூங்கோதை அடித்ததை மூன்று முறை படித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

தாளில் குறை ஒன்றுமில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. ஆனால் ஜவ்வாது மலையில் முத்திரை குத்திய தாளைக் கதவில் பார்த்தவர்களுக்கு அதன் அர்த்தம் ஒன்றுதான்: காலி பண்ணு, இல்லையென்றால் பூட்டு விழும். அதில் என்ன எழுதியிருக்கிறதென்று யாரும் கிட்டப் போய்ப் படிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சந்தைக் கூட்டம் எதிர் டீக்கடையில் நின்றது. அக்கா அமுதவல்லி வடித்த சாமைச் சோறு ஆவி பறந்து அடங்கிக்கொண்டிருந்தது. இன்றும் இப்படியே போனால் திங்கள் முதல் அடுப்பு மூட்டுவதில்லை என்று அவள் சொல்லிவிட்டாள்.

"அந்தப் பேப்பர கிழிச்சிப் போடுடி."

"கிழிச்சா நெஜமாவே தப்பு பண்ணிட்டோம்னு ஆயிடும்க்கா."

பூங்கோதை நோட்டை எடுத்துக்கொண்டு சந்தைக்குள் போனாள். இருபது பேரிடம் ஒரே கேள்வி: ஆபீசர் வந்து சோதனை போட்டதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? யாரோ புகார் கொடுத்திருப்பார்கள் என்றார் ஒருவர். மார்க்கெல்லாம் பேசி வாங்குவதுதானே என்றனர் இரண்டு பேர். மீதிப் பதினேழு பேரும் சொன்னது, சுற்றி வளைத்தாலும், ஒன்றேதான்: சமையக்கட்டை நாங்க பாத்தமா?

அந்த வரியின் அடியில் அவள் கோடு போட்டாள். காட்டிவிட்டால் போயிற்று. ஆனால் தண்ணீர் டிரம்மின் மூடி விரிசல் விட்டிருந்தது அவளுக்குத் தெரியும். அலுவலர் கண்ணில் அது படவில்லை. உள்ளே கூப்பிட்டுக் காட்டினால் மாதையன் கண்ணில் படாமலா போகும்? ஜீப் ஓட்டுகிற மாதையன்தான் டீக்கடை வாசலில் நேற்றிலிருந்து முழங்கிக்கொண்டிருந்தார்: "சீல் வெச்ச கடைல துன்னுட்டு வவுறு வலிச்சா யாரு பதில் சொல்றது?"

அவள் கடைக்குத் திரும்பி, வாசல் தாளைக் கிழியாமல் பிய்த்து எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள்.

"அண்ணா, இதுல இருவது கேள்வி இருக்குது. நீங்களே வந்து பாத்து மார்க் போடுங்க."

"நான் இன்னா ஆபீசரா?"

"ஆபீசரு வருசத்துக்கு ஒருக்கா வர்றாரு. நீங்க தெனம் துன்றவரு."

கீரைக்காரி முத்தம்மா சிரித்தாள். "போய்யா. வாய் மட்டுந்தான் ஜீப் ஓட்டுமா?"

போகாமல் தீராது. மாதையன் பின்னால் பத்துப் பேர் போனார்கள். எண்ணெயை மோந்து பார்த்தார். தொட்டிக்கு அடியில் குனிந்தார். "கையக் காட்டு அமுதா" என்று நகத்தைப் பார்த்தார். டிரம் பக்கம் போனபோது பூங்கோதை சுவரைப் பார்த்து நின்றாள்.

வெளியே வந்தவர் படியில் ஏறி நின்று தாளை உயர்த்திப் பிடித்தார்.

"எண்ணெ புதுசு. பாத்திரம் சுத்தம். பூச்சி புழு இல்ல. டிரம்மு மூடி ஒடஞ்சிருக்குது. ஆபீசரு அத வுட்டுட்டாரு, நான் வுடல. ஒரு மார்க் கட். தொண்ணூறு."

அந்த ஒரு மார்க் குறைந்ததுதான் கூட்டத்தை நம்ப வைத்தது.

"அப்ப சரி, எலயப் போடு" என்று முதல் ஆளாக முத்தம்மா உட்கார்ந்தாள். இரண்டு மணிக்கெல்லாம் அண்டா காலி. அமுதவல்லி மறு உலை வைத்தாள். திங்கள் பேச்சையே அவள் எடுக்கவில்லை. கை கழுவிய மாதையன் தாளோடு எதிர்ப்பக்கம் நடக்க, டீ மாஸ்டர் மேசை துடைக்கும் துணியை அவசரமாக மறைத்தார்.

"மார்ச் 13, வெள்ளி. சாப்பிட்டவர்கள் அறுபத்து மூன்று பேர். சந்தேகமாக இருந்ததால் இலைகளை இன்னொரு முறை எண்ணினேன். சரிதான். நாளைய வேலை: டிரம்முக்குப் புது மூடி வாங்க வேண்டும். மாதையன் அண்ணன் போட்ட மார்க்கோடு தாளை அதே இடத்தில் ஒட்ட வேண்டும்."