தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள்

யாரைப் பார்த்தாலும் சுகந்தினிக்குத் தண்ணீர் குடிக்கத்தான் சொன்னார்கள். டவுன் ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி ஊசி போட்ட கையோடு, "வத்துர பொன்னே நெத்த?", தண்ணி குடிக்கிறதில்லையா என்று சிங்களத்தில் சிடுசிடுத்தாள். எம்பிலிப்பிட்டிய அரிசி ஆலையில் வேலை செய்யும் புருஷன் போன் எடுத்தால் முதல் கேள்வியே தண்ணி குடிச்சியா என்பதுதான். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற மகள்கூடச் சுகாதாரப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பாடம் எடுத்தாள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாயா வலிக்கிறது?

தேயிலை மலையில் கொழுந்தெடுக்கிற பெண்பிள்ளை எவள்தான் தண்ணீர் குடிப்பாள்? விடியற்காலை பால் இல்லாத சாயத் தண்ணி அரைக் கோப்பை. அதோடு சரி, பகல் கொழுந்தை எடை நிறுத்துவிட்டு லயத்து வீட்டுக்கு இறங்கும்வரை நாக்கை நனைப்பது கிடையாது. கக்கூஸ் என்று ஒன்று லயத்தில்தான் இருக்கிறது. மலையில் இடுப்பளவுத் தேயிலைச் செடிதான் மறைப்பு. கீழே கலவானை ரோட்டில் காடு பார்க்கப் போகிற வேன்கள் வரிசையாக ஓடும். மேலே காட்டோரம் போனால் அட்டை அப்பிக்கொள்ளும். நடுவில் ஒரு பாறை, பாறைமேல் குடையோடு ஐயாவு கங்காணி. அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு எலி ஓட முடியாது. சுகந்தினி கலியாணம் கட்டி வந்து முதல்நாள் மலையேறியபோதே பக்கத்து நிரை புஷ்பம் அக்கா சொல்லிக்கொடுத்தது இதைத்தான்: "மலைக்கு வந்தா வாய நனைக்காத புள்ள."

அன்றிலிருந்து அடக்கி அடக்கி உடம்பு கெட்டுப்போனது. ஒண்ணுக்குப் போனால் நெருப்பாக எரிந்தது. மாதவிலக்கு நினைத்த நேரத்துக்கு வந்தது, வந்தால் லேசில் நிற்பதில்லை. தலைக்குள் யாரோ இடித்துக்கொண்டே இருந்தார்கள். தூக்கம் அடியோடு போனது. தூக்கம் போனபிறகு அவளுக்கு எல்லோர்மேலும் எரிச்சல். கோழி குறுக்கே ஓடினால்கூட அதோடு சண்டைக்கு நின்றாள்.

அந்த நேரத்தில்தான் தோட்டத்துக் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவச சீன வைத்தியம் என்று அறிவித்தார்கள். ஏற்பாடு செய்தவள் கோபிகா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நலன்புரி அலுவலர். வைத்தியம் பார்க்க வந்தவர் இரத்தினபுரி டொக்டர் ஸபியா, சீனாவுக்கே போய்ப் படித்தவர். கோபிகா முன்னால் நின்று, "அக்காமார், மன அழுத்தம்தான் எல்லா வருத்தத்துக்கும் காரணம். மனதைச் சாந்தமா வைச்சிருக்கோணும்" என்றாள். சாந்தம்! சுகந்தினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் டொக்டரைச் சும்மா சொல்லக் கூடாது. இரண்டு கையிலும் நாடி பிடித்தார். நாக்கை நீட்டச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார்.

"கல்லீரல்ல கோவம் கட்டி ஈக்கி. ஒடம்புல தண்ணியே இல்ல, நாக்கு வெடிச்சுப் போயீக்கி" என்றார். மயிரிழை ஊசிகளைக் கணுக்காலுக்கு மேலும் நெற்றியிலும் குத்திவிட்டு, அடிவயிற்றுக்கு நேரே ஏதோ மூலிகைக் குச்சியைக் கொளுத்திச் சூடு காட்டினார். அந்தச் சூடு உள்ளே இறங்க இறங்கச் சுகந்தினி பாயிலேயே தூங்கிப்போனாள். எத்தனை காலத்துக்குப் பிறகு தூக்கம்! எழுந்தபோது தலைவலி இல்லை. அழுகை வந்துவிட்டது.

"இது நெலைக்கணும்டா நீங்கதான் மனசு வெக்கணும்" என்றார் டொக்டர். இஞ்சி போட்ட சுடுதண்ணியில் காலை வைக்கணும், விலக்கு நாளில் ஈரத்துணியோடு நிற்கக் கூடாது, நேரத்தோடு படுக்கணும். "எல்லாத்துக்கும் மேல, பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா வெதுவெதுப்பான தண்ணி குடிக்கணும். இல்லாட்டி நான் குத்துற ஊசி வீண். கிட்னி பழுதாப் போயிரும்."

கிட்னிக்குப் பயந்தாள் சுகந்தினி. பகலில் குடிக்க முடியாத தண்ணீரைப் பொழுதுபட்ட பிறகு மொத்தமாகக் குடித்துத் தீர்ப்பது என்று முடிவுகட்டினாள். லயத்துக்கு வந்ததும் செம்பு செம்பாகக் கவிழ்த்தாள். பலன்? ராத்திரி முழுக்கக் கொட்டுகிற மழையில் கக்கூஸுக்கும் காம்பராவுக்கும் நடைதான். வந்த தூக்கமும் போய்விட்டது.

அடுத்த மாதம் டொக்டர் நாடியைப் பிடித்ததும் நெற்றியைச் சுருக்கினார். "தண்ணி குடிச்சீங்களா, செல்லுங்க?"

பக்கத்தில் கோபிகா நின்றாள். வாசலில் முழங்கால் வலிக்கு ஊசி குத்திக்கொள்ள ஐயாவு கங்காணியே காத்திருந்தார். புருஷன் வழியில் அவர் அவளுக்கு மாமா முறை. இந்தக் கூட்டத்தில் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது? குடிக்கவில்லை என்று தெரிந்தால் ஊசியையும் நிறுத்திவிடுவார் என்ற பயம் வேறு.

"குடிச்சேங்க. போத்தல் போத்தலா குடிச்சேன்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டாள்.

பாவம், டொக்டர் நம்பிவிட்டார். குடித்த தண்ணீர் உடம்பிலேயே தேங்குகிறது போல என்று கணக்குப் போட்டு, நீரை இறக்குகிற ஒரு சூரணம் கொடுத்தார். "காலைல சுடுதண்ணில போட்டுக் குடிங்க. ஒண்ணுக்கு நல்லாப் போகும். ஆனா தண்ணிய மட்டும் கொறச்சிராதீங்க."

திங்கட்கிழமை அதைக் குடித்துவிட்டு மலையேறினாள். கூடை பாதி நிரம்புமுன் அடிவயிறு முட்டியது. பல்லைக் கடித்தாள். காலைப் பின்னிக்கொண்டு நின்றாள். ரோட்டில் வேன், பாறையில் கங்காணி, காட்டோரம் எட்டாத தூரம். மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில், நின்ற இடத்திலேயே, அவளை மீறிப் போய்விட்டது. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கும் பாவாடையும் முன்னமே நனைந்திருந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்ததே, அது போதாதா? பிள்ளை பெற்றவள், பிள்ளைக்குப் புத்தி சொல்கிறவள், நட்டநடு மலையில் நாண்டுகொண்டு சாகலாமா என்று நின்றாள். கை மட்டும் கொழுந்தைப் பறித்துக்கொண்டே இருந்தது.

அந்த வாரமே காய்ச்சல் பிடித்து ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். அதே மிஸ்ஸி, அதே வத்துர.

மூன்றாவது மாதத்து ஞாயிறு டொக்டரைப் பார்க்கப் போனபோது ஊசிக்குக் காலை நீட்டவில்லை.

"நான் பொய் சொன்னேங்க டொக்டர். தண்ணி குடிக்கல. மலையில எவளும் குடிக்கிறதில்ல."

ஸபியா டொக்டரின் முகம் வாடிப்போனது. "ஏன் பொய் செல்லணும்? நான் மருந்தையே மாத்தித் தந்துட்டேனே! ஒங்களுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா?"

"தண்ணி குடிச்சியான்னு எல்லாரும் கேக்குறீங்க. குடிச்சா எங்க போவேன்னு ஒருத்தரும் கேக்கலையே."

டொக்டர் கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்தார். கோபிகாவைத் திரும்பிப் பார்த்தார்.

"அது கொம்பனியோட கதைக்க வேண்டிய விசயம்" என்று கோபிகா இழுத்தாள். "அடுத்த கூட்டத்தில நான் கட்டாயம் சொல்லுறன் அக்கா. அதுவரைக்கும் நீங்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ."

பொறுத்து! இத்தனை வருஷமாக அவள் வேறு என்ன செய்துகொண்டிருந்தாளாம்? சுகந்தினி எழுந்து வந்துவிட்டாள். வழியெல்லாம் தனக்குத்தானே திட்டிக்கொண்டே நடந்தாள். யாரைத் திட்டுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை நிரையில் நின்றுகொண்டு, எல்லோரும் பார்க்கப் போத்தலைத் திறந்து, ஆறிப்போன சுடுதண்ணியை மடமடவென்று குடித்தாள்.

"அடி பாவி, என்னடி பண்ற?" என்றாள் புஷ்பம் அக்கா.

"தண்ணி குடிக்கிறேன்க்கா."

கொஞ்ச நேரத்தில் வரவேண்டியது வந்தது. கூடையை இறக்கி வைத்துவிட்டு நிரைக்கு ஓரமாக மழைத்தண்ணி ஓடுகிற கானை நோக்கி நடந்தாள். பாறையிலிருந்து குரல் வந்தது.

"ஏய் சுகந்தினி! நிரைய விட்டுட்டு எங்க போற?"

கேட்டால் கொடி பிடுங்கப் போகிறேன், அட்டை தட்டப் போகிறேன் என்று முனகுவதுதான் வழக்கம். அவள் நின்று, திரும்பி, மலைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"ஒண்ணுக்குப் போறேன் மாமா!"

கொழுந்து பறிக்கிற கைகள் எல்லாம் நின்றுவிட்டன. ஐயாவு கங்காணிக்கு முகம் செத்துப்போனது. குடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்.

"த்தூ! பொம்பளப்புள்ள பேசுற பேச்சா இது? வெக்கமா இல்ல ஒனக்கு?"

"இருந்துச்சு மாமா. கலியாணம் கட்டி வந்த நாள்லருந்து நாந்தான் சொமந்தேன். ஒடம்பு போச்சு. இனி நீங்க கொஞ்ச நாளைக்கு வச்சுக்கங்க." அவள் காட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். "இப்ப அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெண்கள் அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெல்லத் திரும்பி, காட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

புஷ்பம் அக்கா தன் படங்கை அவிழ்த்து, ஒரு கையால் ரோட்டுப் பக்கமாக உயர்த்திப் பிடித்தாள். பிறகு மற்றக் கையைச் சுகந்தினியின் தண்ணிப் போத்தலுக்கு நீட்டினாள்.