வளைவுக்கு வெள்ளையடித்த நாள்

எஞ்சினியர் வருகிறார் என்று தெரிந்ததும் நாங்கள் செய்த முதல் காரியம் ரோட்டு ஓரத்துக்கு வெள்ளையடித்ததுதான். எல்லாவற்றையும் கெடுக்கப் பார்த்ததும் அதுதான்.

ஐம்பத்தைந்தாம் வருஷம், மாசி மாதம். வட்டகொடைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயங்களுக்கும் கடைவீதிக்கும் நடுவில் பாறை வளைவு என்று ஒரு இடம் இருந்தது. ஒரு பக்கம் மேடு, தேயிலை. மறுபக்கம் பள்ளம். கீழே ஆற்றின் சத்தம் கேட்கும், ஆறு தெரியாது. மேட்டிலிருந்து ஒரு பாறை ரோட்டுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு அந்தப்புறம் என்ன வருகிறது என்று இந்தப்புறம் நடப்பவருக்குத் தெரியாது.

அதற்கு முந்திய ஐப்பசியில், சம்பளத்தன்று, நானும் என் வீட்டுக்காரர் சிவசாமியும் சாமான் வாங்கிக்கொண்டு அந்த வழியாக வந்தோம். பனி மூட்டம். லாரி வந்தது. அவர் என்னை மேட்டுப் பக்கம் தேயிலைக்குள் தள்ளிவிட்டார். தான் ஒதுங்க அவருக்கு நேரமில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். நான் எழுத உட்கார்ந்தது சிரித்த கதையை. அவருக்கும் அதுதான் பிடிக்கும்.

எங்கள் மகள் மனோரஞ்சிதம் அப்போது மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் கடைவீதியில். காலையிலும் பகலிலும் அவள் அந்த வளைவைத் தாண்டவேண்டும். மலையில் கொழுந்து எடுக்கும்போது பஸ் ஹாரன் கேட்டால் என் விரல்கள் தானாக நின்றுவிடும். பள்ளத்தோரம் ஒரு சுவர், சனங்கள் நடக்க ஒரு பாதை. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பட்டினசபையிடம் பணம் இல்லை. ஆனால் ஆபத்தான ரோடுகளுக்குக் கொழும்பு அரசாங்கம் மானியம் தருகிறதாம். எஞ்சினியர் வந்து பார்த்து, ஆபத்துதான் என்று சொன்னால் போதுமாம். சபை உறுப்பினர் கந்தப்பன் முதலாளி, இரும்புக்கடைக்காரர், நாலு மாதம் அலைந்து ஒரு எஞ்சினியரை வரச் செய்துவிட்டார்.

“தோட்டத்து சனத்துக்கிட்ட ஓட்டையே பறிச்சவங்க நமக்குச் சுவரு கட்டித் தரப் போறாங்களாக்கும்” என்றாள் பக்கத்துக் காம்பிரா வீட்டு வேலாயி.

“பஸ்ஸுக்கு மட்டும் ஓட்டு இருக்கா? அதுக்கு ரோடு போடலயா?” என்றேன்.

கந்தப்பன் முதலாளி லயத்துக்கே வந்துவிட்டார். “கொழும்புலேருந்து பெரிய மனுசன் வர்றாரு. ரோடு இப்பிடிக் கெடந்தா நம்மளப் பத்தி என்னா நெனப்பாரு? எல்லாரும் வாங்க!”

யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. பெரிய துரை வந்தால் லயத்தைக் கழுவுவோம். தேரில் சாமி வந்தால் ரோட்டைக் கூட்டித் தண்ணீர் தெளிப்போம். எஞ்சினியருக்கும் அதையே செய்தோம். குழிகளில் சரளை கொட்டி மிதித்தோம். பள்ளத்தோரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். பள்ளம் அசிங்கமாகத் தெரிகிறது என்று மூங்கில் நட்டு, தழை கட்டி, கலர்த்தாள் தோரணத்தால் மறைத்தும்விட்டோம். ஒரு தகரம் சுண்ணாம்பு நானே கரைத்துக் கொடுத்தேன்.

எஞ்சினியர் எக்கநாயக்க சனிக்கிழமை பகல் வந்தார். அரைநாள் கூலி போதுமென்று, அரைப்பேரோடு நாங்கள் மலையிலிருந்து இறங்கியிருந்தோம். வெள்ளைக் கால்சட்டை போட்ட ஒல்லி மனிதர். காரை விட்டு இறங்கி, வெள்ளைக் கற்களைப் பார்த்தார், தோரணத்தைப் பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பாக, “ஹரி ஹொந்தய்” என்றார்.

கந்தப்பன் முதலாளியின் முகம் விழுந்துவிட்டது.

“என்னாங்க சொல்றாரு?” என்று அவரைக் கேட்டேன்.

“ரொம்ப நல்லா இருக்காம்.”

“எது?”

“ரோடு.”

எஞ்சினியர் மேலும் ஏதோ சிங்களத்தில் சொன்னார். முதலாளி துண்டால் நெற்றியைத் துடைத்தபடி எங்களுக்குச் சொன்னார். “இம்புட்டு அழகா வச்சிருக்கிற ஊருக்கு மானியம் எதுக்காம். இதவிட மோசமான ரோடெல்லாம் காத்துக் கெடக்காம்.”

“நல்லா அடிச்சீங்க வெள்ள!” என்றாள் வேலாயி. “இனி சொரண்டச் சொல்லுங்க மொதலாளி.”

தோரணத்துக்குப் பின்னால் பள்ளம் இருக்கிறது என்று முதலாளி சொல்லிப் பார்த்தார். எஞ்சினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. முதலாளிக்கு வேறு வழி தெரியவில்லை. கடைவீதிக்கு நடந்து வந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று கெஞ்சி, மாலையைப் போட்டுவிட்டார்.

“சீதா, நீ அவரு பக்கத்துலயே வா. போற வழியில ஒன் வீட்டுக்காரர் கதய நான் சொல்றேன். டேய் அழகா, அடிடா!”

மேளக்கார அழகனின் ஆட்கள் தப்பு மேளத்தை அடித்த அடியில் யார் கதையை யார் சொல்வது? முதலாளி வாயைத் திறப்பார், அழகன் அதைப் பாராட்டென்று நினைத்து இன்னும் ஓங்கி அடிப்பான். மாலையும் குடையுமாக எஞ்சினியர் முன்னே நடக்க, நாங்கள் வளைவுக்குள் நுழைந்தோம்.

எதிரே வந்த டிரைவர் ஹாரன் அடித்திருப்பான். ஒருவருக்கும் கேட்கவில்லை. வெறுங்காலில் ரோடு அதிர்வதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த அதிர்வை என் கால் மறக்கவில்லை. நான் ஒன்றையும் யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் எஞ்சினியரை மேட்டுப் பக்கம் தள்ளினேன். மாலையோடு, குடையோடு தேயிலைக்குள் போய் விழுந்தார். அவர்மேல் நான் விழுந்தேன். அழகன் தப்போடு ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் பாய்ந்தான். பாறையைச் சுற்றி வந்த பஸ் எங்களைக் கண்டு ஒடித்து, மூங்கிலையும் தோரணத்தையும் வாரிக்கொண்டு, பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது.

நாங்கள் வெள்ளையடித்த கற்கள் மட்டும் நிற்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே போயின. எவ்வளவோ நேரம் கழித்துத் தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. எஞ்சினியரும் கேட்டார்.

முதலில் வேலாயிதான் கத்தினாள்.

“அடியே சீதா! தொரமேல ஏறி ஒக்காந்திருக்கியேடி, எறங்குடி!”

பஸ்ஸுக்குள் ஒருவர் சிரித்தார். பிறகு பஸ்ஸே சிரித்தது. டிரைவர் கழுத்தில் கலர்த்தாளோடு இறங்கி வந்தான். எஞ்சினியர் எழுந்து உட்கார்ந்து, வாயிலிருந்து தேயிலையைத் துப்பிவிட்டு என்னவோ சொன்னார். முதலாளி தமிழில் சொன்னார்.

“கொழுந்து நல்லா இருக்காம். ரோடுதான் நல்லா இல்லயாம்.”

அப்புறம் எஞ்சினியர் விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தார். முதலாளி என்னைக் காட்டி, மெதுவாகச் சொல்லவேண்டியதைச் சொன்னார். எஞ்சினியர் மாலையைக் கழற்றி, என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். தேத்தண்ணி குடிக்க எங்களோடு நடந்தபோது மேட்டுப் பக்கமாகவே, என் பின்னாலேயே வந்தார்.

தீபாவளிக்கு முன்னே பணம் வந்தது. பாறையின் மூக்கை வெடிவைத்து உடைத்தார்கள். இடுப்பு உயரத்துக்குக் கருங்கல் சுவர் எழும்பியது, ஓரத்தில் நடைபாதையும். திறப்பு விழாவுக்கு அதற்கு வெள்ளையடிக்கலாமா என்று கந்தப்பன் முதலாளி கேட்டார்.

“வேணாம் சாமி!” என்றாள் வேலாயி. “அழகா இருக்குன்னு காச திருப்பி வாங்கிட்டுப் போயிருவாரு!”

அந்த வாரம் ஒருநாள் மேல்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். மனோரஞ்சிதம் ஒரு குச்சியைச் சுவரில் தேய்த்துக்கொண்டே நடந்தாள். பஸ் ஹாரன் அடித்தது. என் விரல்கள் நிற்கவில்லை. அவள் சுவரோரம் நின்று, பஸ்ஸுக்குக் கையாட்டிவிட்டு மறுபடி நடந்தாள்.

சாயங்காலம் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை தராசை இரண்டு தடவை பார்த்தார்.

“என்னா சீதா, இன்னைக்கு இம்புட்டு கொழுந்து?”

“ஹாரன் கேட்டுச்சுங்கய்யா” என்றேன்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் நின்ற வேலாயி சிரித்தாள்.