பூசணி வண்டுகளுக்கு எழுதிய கடிதம்

பூசணி வண்டுகளை ஊரைவிட்டுப் போகச் சொல்லும் கடிதம் வாசிக்கப்பட்ட அன்று, கமிஹாமா மூன்றாம் தெருச் சங்கக் கூடத்தில் இருந்தவர்கள்: சுவரை ஒட்டித் தலைவர் ஹதாகேதா, அவருக்கு இடப்புறம் காய்கறிக்கடை மொரி, தேநீர் ஊற்ற வசதியாக வாசலோரம் செயலாளர் கினு, அவளுக்குப் பின்னால் அவள் கணவர் கென்சாகு, ஜன்னல் கட்டையில் வெயில் விழுந்த இடத்தில், வண்டுகள் தரப்பில் பதினோரு வண்டுகள். ஜப்பானில் அது ஷோவா பேரரசரின் முப்பத்து நான்காம் ஆண்டு, ஜூன் கடைசி. வண்டுகள் கடைசிவரை கலையாமல் கேட்டன.

அந்த ஆண்டு வண்டு அதிகம்; பூசணியோடு வெள்ளரிக் கொடிகளையும் தின்றன. சாம்பல் தூவிப் பார்த்தார்கள், சோப்புத் தண்ணீர் தெளித்தார்கள், பனி காயும் முன்னே கையால் பொறுக்கி மண்ணெண்ணெயில் போட்டார்கள். வழக்கப்படி வைக்கோல் பொம்மை தூக்கி, மேளம் கொட்டி, பக்கத்து ஊர் எல்லைவரை விரட்டியும் விட்டார்கள். பக்கத்து ஊரிலும் வைக்கோலும் மேளமும் இருந்ததால் மூன்றாம் நாளே வண்டுகள் திரும்பி வந்துவிட்டன. அதற்குப் பிறகுதான் கடிதம் எழுதுவது என்று முடிவானது.

மற்றவர்களுக்கு வெள்ளரிக்காய் என்றால் ஊறுகாய். கினுவுக்கு அது குதிரை. ஆறு வருடம் முன்பு கணவாய் பிடிக்கப் போன படகோடு மூழ்கிய மகன் ஷூஜி, செத்தவர்கள் வீடு திரும்பும் ஓபோன் பண்டிகைக்கு அதில்தான் வந்துகொண்டிருந்தான். தோட்டத்து வெள்ளரிக்காயில் நான்கு குச்சிகளைக் கால்களாகச் செருகி வாசலில் வைத்தால், விளக்கேற்றுவதற்குள் ஈரச் சட்டையோடு வந்து தன் இடத்தில் உட்கார்ந்து சோறு கேட்பான். மூன்று நாள் கழித்துக் கத்தரிக்காய் மாட்டில் அனுப்புவார்கள், மெதுவாகப் போகட்டும் என்று. மூன்று வருடம் முன்பு மழையில் கொடி அழுகி, கினு மொரி கடையில் காய் வாங்கிக் குதிரை செய்தாள். அது மொரியின் கொல்லையில் காய்த்த காய்; அதற்கு அந்த வீட்டு வழிதான் தெரியும். ஷூஜி மூன்று நாளும் மொரி வீட்டில் இருந்தான். அவர்களும் குறையில்லாமல் கவனித்தார்கள். பார்க்கப் போன கினுவுக்கு, வந்த விருந்தாளிக்குச் செய்வதுபோல எழுந்து வணக்கம் சொன்னான்.

பதினெட்டு வருடமாகச் சங்கத்துக் கடிதங்களை எழுதிய கை கினுவுடையது. வண்டுகளுக்கும் வழக்கம்போலப் பருவத்தைச் சொல்லி, நலம் விசாரித்து, இத்தனை நாள் தங்கியதற்கு நன்றி கூறி, ஜூலை பத்துக்குள் ஆற்றுக்கு அப்பால் மலைக்குக் குடிபெயருமாறு கேட்டுக்கொண்டாள். ‘இந்தப் பக்கம் வந்தால் அவசியம் எட்டிப் பாருங்கள்’ என்று முடித்தாள். வீடு மாறும் எல்லோரும் தபால் அட்டையில் எழுதுகிற வரிதான் அது. அதை நம்பி யாரும் எந்த வீட்டுக்கும் வந்ததாகக் கமிஹாமாவில் நினைவு இல்லை.

ஜூலை ஒன்பதாம் தேதி காலை வண்டுகள் வரிசையாகப் பாலத்தைக் கடந்தன. ஒன்றரை மணி நேரம் பிடித்தது. கினுவின் கொடி தழைத்து ஒன்பது பிஞ்சு விட்டது. ஆகஸ்ட் ஐந்தாம் தேதி வண்டுகள் எட்டிப் பார்த்தன, குடும்பத்தோடு, மலையில் பழக்கமானவர்களையும் கூட்டிக்கொண்டு.

“நீதானேம்மா வரச் சொல்லி எழுதின?” என்றார் ஹதாகேதா.

“எல்லாரும் எழுதறதுதானே, தலைவரே.”

“மனுஷன் வரமாட்டான். வண்டுக்கு அந்த நாகரிகம் தெரியுமா?”

இரண்டாவது கடிதத்தை, வணக்கம்கூட இல்லாமல், அவரே எழுதினார். வண்டுகள் அதைப் பொருட்படுத்தவில்லை. பன்னிரண்டாம் தேதி இலைகள் வலையாகிவிட்டன. கட்டைவிரல் அளவில் ஒரே ஒரு காய் மிச்சம். கென்சாகு அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“இதுல ஏறி வருவானா?”

“கைக்குழந்தையா இருந்தா வரலாங்க.”

மறுநாள் விடியும்போது அதிலும் ஓட்டை. பண்டிகை அன்றைக்குத்தான். கினு கை கழுவிவிட்டு வந்து மகனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். வெயில் கடுமை, அப்பாவுக்கு முழங்கால் வலி, இந்த வருடம் குதிரை இல்லை, கரையில் காத்து நிற்க வேண்டாம் என்று எழுதினாள். எப்போதும் தானாக ஓடும் கை கடைசி வரியில் நின்றுவிட்டது. பிறகு ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்: ‘இந்தப் பக்கம் வந்தால் அவசியம் எட்டிப் பார்.’

தோளுக்கு மேலாகப் படித்த கென்சாகு, “இதை யாரும் நிஜம்னு எடுத்துக்க மாட்டாங்களே” என்றார்.

“வண்டு எடுத்துக்கிச்சே.”

சோற்றுப் பசையால் உறையை ஒட்டி, மகன் பெயரும் படகின் பெயரும் எழுதி, தபால்காரர் ஓனுகியிடம் கொடுத்தாள். அவர் கையில் எடைபார்த்தார்.

“கடல் தபால் பண்டிகை முடிஞ்சாத்தான் கெளம்பும், அக்கா.”

“தெரியும். கடைசி வரிக்கு நாள் கெடையாது” என்றாள் கினு. அவர் முத்திரை குத்தி, கடிதத்தைப் பைக்குள் போட்டு, துறைமுகத்துப் பக்கம் சைக்கிளைத் திருப்பினார்.