நிற்காத புள்ளிகள்

கல்வி வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய செய்தி ஒன்று இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுகிறது: மலேசியாவில் யோங் பெங்கை அடுத்த தோட்டத் தமிழ்ப்பள்ளியில், கஸ்தூரி டீச்சர் தேர்வுத் தாளில் போடும் புள்ளிகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. பிள்ளைக்குப் புரியப் புரிய, தாளிலுள்ள எண் தானாக ஏறும். தலைக்கனம் வந்தால் இறங்கும். பள்ளியை விட்டுப் போனவர்களுக்கும் அப்படித்தான். பழைய தாள்கள் பின்சுவர் அலமாரியில் இருந்தன. லோரி ஓட்டும் வேலு நான்காம் ஆண்டில் வாங்கிய முப்பத்தொன்று, அவர் தம் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாரத்தில் எழுபத்துநான்கானது. செம்பனை விலையை விசாரிப்பதுபோல் ஊரார் அதையும் விசாரித்துக்கொண்டார்கள்.

ஆசிரியர் கல்லூரியிலிருந்து அங்கே மூன்று மாதப் பயிற்சிக்கு வந்த லோஷினிக்குத்தான் தலைவலி. இறுதிப் புள்ளிப் பட்டியல் கொடுக்காவிட்டால் ஆசிரியர் வேலை கனவுதான்.

“நேத்து எழுதினது காலையில மாறிடுது டீச்சர். எதைத்தான் அனுப்புறது?”

“தேதி போட்டு அனுப்பும்மா. பால் டப்பாவுல தேதி போடுறாங்கல்ல?”

அப்படியே அனுப்பினாள். கல்லூரியிலிருந்து விரிவுரையாளர் முனைவர் கமலநாதன் புறப்பட்டு வந்தார். மதிப்பீட்டின் நிலைத்தன்மை பற்றி நாற்பது நிமிடம் பேசினார். அலமாரிப் பக்கம் மட்டும் திரும்பவில்லை. “நிலையான புள்ளி வேணும்மா. உங்களுக்கு இன்னும் பக்குவம் வரல” என்று, கஸ்தூரி டீச்சரின் சிவப்புப் பேனாவையே வாங்கி, லோஷினியின் படிவத்தில் நாற்பத்தொன்று போட்டார். ஐம்பதுக்குக் கீழே தோல்வி.

லோஷினி கழிவறையில் அழுதாள். மறுநாளும் வந்தாள். பின்னக் கணக்கில் பத்தொன்பது வாங்கிய மாணவி அபிகெயிலின் பக்கத்தில், முதல்முறையாகப் பாடக்குறிப்பு இல்லாமல் உட்கார்ந்தாள்.

“டீச்சர், எட்டு பெரிய நம்பர்தானே? அது கீழ வந்தா ஏன் சின்னதாகுது?”

“ஒரு ரொட்டி சானாய். எட்டுப் பேரு. உனக்கு எவ்வளவு?”

“அலமாக்! கொஞ்சூண்டுதான் லா!”

அபிகெயிலின் தாள் அறுபத்துமூன்றுக்குப் போனது. அதே நேரம், ஜொகூர் பாருவில் விரிவுரையாளரின் கோப்புக்குள் லோஷினியின் நாற்பத்தொன்றும் ஐம்பத்திரண்டானது. மாத முடிவில் அறுபத்தெட்டு. அவர் அடித்துத் திருத்தினார். மை காயுமுன் அது எழுபதானது. கீழே அவருடைய கையெழுத்தே இருந்ததால் கல்லூரி ஏற்றுக்கொண்டது. லோஷினி இப்போது கெலாங் பாத்தாவில் கற்பிக்கிறாள்; பட்டியல்களில் தேதி போடுகிறாள்.

கமலநாதனும் கஸ்தூரி டீச்சரிடம் படித்தவர்தான். அலமாரியில் அவர் தாளில் முப்பத்தாறு இருந்தது. முனைவர் பட்டம் வாங்கிய அன்று முப்பத்தைந்தானது. அன்றிலிருந்து அந்த வகுப்பில் அசையாமல் நிற்கும் ஒரே புள்ளி அதுதான்.