நாற்பத்தொன்றாவது வரி

பட்டியலம்மா ஓய்வு பெறப் பதினெட்டு நாள் இருக்கும்போது, அவளுடைய முப்பத்தைந்து வருடத்தை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று கம்ப்யூட்டர் அடம்பிடித்தது.

குடிநீர் வாரியத்தின் சம்பளப் பிரிவில் அவளுக்கு ஒரே வேலைதான். யாருக்கு எந்த மாதம் எவ்வளவு ஏற வேண்டும் என்று பட்டியல் போடுவது. நானூறு பேருடைய ஏற்றமும் அவள் விரல் நுனியில் இருந்தது, பெயரும் அதனால் வந்ததுதான். இப்போது ஓய்வூதியத்துக்காக அவளுடைய சொந்தச் சம்பளத்தை வருட வாரியாக ஏற்றியபோது ஆறாவது வருடத்தில் வண்டி நின்றுவிட்டது. எல்லா வருடமும் ஏறிய சம்பளம் அந்த வருடம் மட்டும் ஏறவில்லை. தண்டனை ஆணை இருந்தால் அதன் எண்ணைக் கொடு என்று சிவப்புக் கட்டம் போட்டுக் கேட்டது.

பிரிவு அதிகாரி அவள் மகள் வயதுப் பெண். நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு, மற்றவர்கள் காதில் விழாமல் சொன்னாள். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நம்பர் போடாம அது நகர மாட்டேங்குது."

பட்டியலம்மாவுக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. அந்த ஆணையை அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அது எங்கோ ஒரு கட்டுக்குள் தன் பெயரைச் சுமந்துகொண்டு கிடக்கிறது என்று இருபத்தொன்பது வருடமாக நம்பியிருந்தாள்.

நடந்தது இதுதான். அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பக்கத்து மேசையில் ஒருவர் இருந்தார். இருவரும் ஒரே நாளில் ஒரே சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எண்களுக்கு நடுவே ஒரு கமா தப்பினாலும் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் அவரை எல்லோரும் கமா என்றே கூப்பிட்டார்கள். மழைக்கு முன் வரும் மஞ்சள் வெளிச்சம் அறை முழுக்க நிறைந்திருந்த ஒரு மதியம், அவள் அந்த மாதப் பட்டியலின் கடைசிப் பக்கத்தை எழுதி முடித்திருந்தபோது, அவர் பேனாவை மூடிவிட்டு, நீர்த்தேக்கம் நிரம்பி வழிகிறதாம், பார்த்துவிட்டு வரலாம் என்றார். அனுமதி கேட்காமல் பின்படி வழியாக இறங்கிப் போனார்கள். தண்ணீர் மதகில் வழிந்துகொண்டிருந்தது. கமா வெகுநேரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தார்.

"நம்ம ரெண்டு பேர் சம்பளத்தையும் கூட்டிப் பாத்தேன்," என்றார் கடைசியில். "ஒரு வீட்டுக்கு வாடகை குடுக்கலாம் போலிருக்கு."

சம்பளப் பிரிவு ஆளுக்கு இதைவிட அழகாகக் காதல் சொல்ல வராது. அவள் சரி என்றாள்.

அடுத்த மாதம் அவருக்குச் சம்பளம் ஏறியது, அவளுக்கு ஏறவில்லை. மேலாளர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார், வாயைத் திறக்காமல் தண்டித்துவிட்டார் என்று இருவரும் முடிவு கட்டினார்கள். போய்க் கேட்கலாம், ஆனால் கேட்டால் மூன்று மணிக்கு எங்கே போனாய் என்ற கேள்வி வரும். திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக அவள் பேசாமல் இருந்துவிட்டாள். கல்யாணமான பிறகு கமா அதை ஒரு வேடிக்கையாக்கிக்கொண்டார். ஒரு கல்யாணத்துக்கு ஒரு இன்கிரிமென்ட் செலவு, மலிவுதான் என்பார். விருந்தினர் வந்தால், வீட்டில் நான் ஒரு படி மேலே என்று கழுத்தை நீட்டிக் காட்டுவார். அவளும் சிரிப்பாள். சிரித்த வாய்க்கும் தூங்கும் காலுக்கும் சம்பந்தம் இல்லை போலும். வாரம் ஒருமுறையாவது கனவில் அவள் அலுவலக மாடிப்படி ஏறுவாள். ஆறாவது படி இருக்க வேண்டிய இடத்தில் படி இருக்காது. வைத்த கால் காற்றில் இறங்கும், அந்த வேகத்தில் பக்கத்தில் படுத்திருப்பவருக்கு ஓர் உதை விழும். ஊரில் எல்லோரும் பெண்டாட்டியிடம் வாயால் வாங்குகிறார்கள், எனக்கு மட்டும் காலால் என்று காலையில் விலாவைத் தடவிக்கொள்வார் கமா.

பதிவறை கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. உயரத்தில் ஒற்றை ஜன்னல். அதன் வழியே விழுந்த வெளிச்சத்தில் தூசி அவசரமில்லாமல் மிதந்தது. பட்டியலம்மா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து முதல் வருடக் கட்டிலிருந்தே பிரித்தாள். ஆறாவதை நேரே எடுக்கத் தைரியம் வரவில்லை.

பக்கத்தைத் திருப்பத் திருப்ப அந்தந்த வருடத்துக்காரி வந்து எதிரே உட்கார்ந்ததுபோல் இருந்தது. முதல் வருடத்துக்காரி சம்பள உறையைப் பிரிக்காமலேயே அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு அம்மாவிடமே கையேந்தியவள். மூன்றாம் வருடத்துக்காரி ஏறிய பணத்துக்கு ஒரு குடை வாங்கினாள், அதை அன்றே பஸ்ஸில் விட்டாள். நான்காம் வருடத்துக்காரி ஒன்றும் வாங்காமல், கடை வாசலில் நின்று, வாங்க முடியும் என்று நினைத்து மட்டும் பார்த்துவிட்டு வந்தாள். பட்டியலம்மாவுக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. சம்பளம் கொஞ்சம் ஏறும், ஆள் கொஞ்சம் வளர்வாள், அடுத்த ஏற்றத்துக்குள் தேவை இரண்டையும் தாண்டி வளர்ந்திருக்கும். இப்படியேதான் ஒரு ஆயுள் போயிருக்கிறது என்று நினைத்தபோது, இளக்காரமாக இல்லை, இதமாகவே இருந்தது.

ஆறாவது கட்டில் தண்டனை ஆணை இல்லை. முன்னும் பின்னும் இரண்டு வருடம் தேடினாள், இல்லை. இருந்தது அவள் கையெழுத்தில் அந்த மாதப் பட்டியல் மட்டும். நாற்பதாவது வரியில் கமாவின் பெயரை அழகாக எழுதியிருந்தாள். அதன் கீழே 41 என்ற எண். எண்ணுக்கு எதிரே ஒன்றுமில்லை. வெறும் வரியைக் குறுக்கே கோடிட்டு அடித்து, மேலாளர் வழக்கம்போல் ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டிருந்தார்.

அந்தப் பிரிவில் அப்போது ஒரு விதி இருந்தது. பட்டியல் எழுதுபவர் தன் பெயரைத் தன் கையால் எழுதக் கூடாது. முன்பு ஒருவர் தன் பெயரை இரண்டு வரியில் எழுதி இரண்டு ஏற்றம் வாங்கி, வேலியே பயிரை மேய்ந்த கதையானதிலிருந்து வந்த ஏற்பாடு. கடைசி வரியைக் காலியாக விடுவார்கள், பக்கத்து மேசைக்காரர் அதை நிரப்புவார். அன்று பக்கத்து மேசைக்காரர் பேனாவை மூடிவிட்டு நீர்த்தேக்கம் பார்க்கக் கிளம்பிவிட்டார். அவர் எழுதியிருப்பார் என்று இவள் நினைத்தாள். அவர் எதையும் நினைக்கவே இல்லை.

தண்டனை இல்லை, மேலாளர் எதையும் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழனிப்பானையில் விழுந்ததுபோல், நானூறு பேருக்கும் பட்டியல் போட்டவளுக்குத் தன் வரி காலியாக இருந்தது தெரியவில்லை. பட்டியலம்மா தனியாக உட்கார்ந்து சிரித்தாள். பிறகு பழக்கதோஷத்தில், விட்டுப்போன ஏற்றத்தைச் சேர்த்து வருடம் வருடமாக ஒரு தாளில் போட்டுக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு ஏற்றமும் முந்தைய சம்பளத்தில் நூற்றுக்கு மூன்று. ஆகவே ஒரு வகுப்பு பின்தங்கிய பிள்ளை கடைசிவரை பின்னாலேயே போவதுபோல், அந்த ஒரு குறை எல்லா வருடத்தோடும் கூடவே வந்திருந்தது, வர வரப் பெருத்தும் இருந்தது.

பதினான்காவது வருடத்தில் அவள் கை நின்றது.

அந்த வருடம் கடலோரக் கிளைக்கு அவளைத் தலைமையாகப் போகச் சொன்னார்கள். துறைப் பரீட்சையில் தேறி, அதற்காக மாதம் நாற்பது ரூபாய் கூடுதலாக வாங்கியவள் அவள் மட்டுமே. ஒருமுறை அங்கே தாள்கள் கொடுக்கப் போனபோது தலைமைக்குரிய அந்த அறையில் பத்து நிமிடம் நின்றிருக்கிறாள். மூன்றாவது மாடி, அகலமான மேசை, மேசையை ஒட்டி ஜன்னல். ஜன்னல் நிறையத் தண்ணீர், அதில் ஒரு கப்பல் நகர்வதே தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. போவதென்றால் குழந்தையோடு வீடு மாற்ற வேண்டும், ஒருவர் சம்பளமில்லா விடுப்பு எடுக்க வேண்டும். சண்டை வரக் கூடாதென்று கல்யாணத்தின்போதே அவர்கள் ஒரு விதி செய்துகொண்டிருந்தார்கள். இருவரில் யாராவது விட்டுக்கொடுக்க வேண்டி வந்தால், குறைந்த சம்பளக்காரர் விட்டுக்கொடுப்பது. அந்த வருடம் அந்த நாற்பதைச் சேர்த்த பிறகும் கமா அவளைவிட இருபத்துமூன்று ரூபாய் அதிகம் வாங்கினார். அவள் விட்டுக்கொடுத்தாள். ஆனால் அந்த ஜன்னலை விடவில்லை. பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் கொஞ்ச நேரம் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருவாள்.

நாற்பத்தொன்றாவது வரியில் ஒரு பெயர் இருந்திருந்தால், அவள் சம்பளம் கமாவுடையதைவிட நாற்பது அதிகம். பரீட்சைக்குக் கிடைத்த அந்த நாற்பது.

திருத்தம் செய்துவிடலாம் என்றாள் பிரிவு அதிகாரி. அன்று பெயரை எழுதியிருக்க வேண்டியவர், ஏன் எழுதவில்லை என்று கைப்படக் காரணம் எழுதிக் கையொப்பம் போட்டுத் தர வேண்டும், அவ்வளவுதான். அவ்வளவுதானா என்று பட்டியலம்மா யோசித்தாள். போன வருடம் ஓய்வு பெற்ற கமாவுக்கு, பிழையே இல்லாத பணி என்று வாரியம் ஒரு சான்றிதழ் தந்திருந்தது. அது அவர்கள் வீட்டு முன்னறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. வாரத்துக்கொரு முறை அதைத் துடைப்பதும் அவள்தான்.

மறுநாள் சனிக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்துவிட்டு, பட்டியலின் நகலையும் படிவத்தையும் அவர் முன் வைத்தாள். பதிவறையில் போட்ட கணக்கை மட்டும் கைப்பையிலேயே விட்டுவிட்டாள். கமா கண்ணாடியைப் போட்டார், கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார். காலியான வரியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நான் எழுதலியா?" என்றார்.

எழுதவில்லை என்பதற்கு அந்த வரியே சாட்சி. முன்னறைச் சுவரைப் பார்த்துக்கொண்டே, காரணம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டார். உங்களுக்குத் தோன்றுவதைப் போடுங்கள் என்றாள் அவள். 'அன்றைய வேலைப்பளு காரணமாக' என்று முத்து முத்தாக எழுதினார். வேலைப்பளு. மதகில் தண்ணீர் வழிந்ததும் அந்த மஞ்சள் வெளிச்சமும் ஒரு சொல்லில் காணாமல் போனதைப் பார்க்க அவளுக்கு வலித்தது.

காரணம் எழுதி முடித்ததும் அவருக்கு உயிர் வந்துவிட்டது. ஓய்வூதியம் எவ்வளவு கூடும், பார்த்துவிடலாம் என்று பென்சிலை எடுத்தார். சம்பளப் பிரிவு ஆளைப் பென்சிலிடமிருந்து யாரும் காப்பாற்ற முடியாது. ஏழு, எட்டு என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். அவருடைய சொந்தச் சம்பளம் வருட வாரியாக அவருக்கு மனப்பாடம். பட்டியலம்மா எதிரே உட்கார்ந்து பென்சிலையே பார்த்தாள். பத்து, பன்னிரண்டு. தடுக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தடுக்கவில்லை.

பதினான்கில் பென்சில் நின்றது.

"இந்த வருஷம் என்னைவிட உனக்குக் கூட வருது," என்றார்.

"நாப்பது."

"உனக்குத் தெரியுமா?"

"நேத்தே போட்டுப் பாத்துட்டேன்."

தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். கமா பென்சிலைக் கீழே வைத்தார். "அப்ப விட்டுக்கொடுத்திருக்க வேண்டியது நான்."

பரவாயில்லை என்ற சொல் பழக்கத்தில் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முப்பத்தைந்து வருடமாக யார் எதற்கு வருத்தப்பட்டாலும் அவள் எடுத்துக் கொடுக்கும் சொல் அது. இந்த முறை அதை விழுங்கிக்கொண்டாள்.

"எனக்கு அந்த ஜன்னல் வேணும்னு இருந்துச்சுங்க," என்றாள். "ரொம்ப வேணும்னு இருந்துச்சு."

கமா எழுந்துபோய் ஸ்கேலைக் கொண்டுவந்தார். வேலைப்பளு என்ற வரியின்மேல் நேர்க்கோடு போட்டு அடித்து, பிரிவில் செய்வதுபோலவே ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார். கீழே நிதானமாக எழுதினார்: 'பெயரை எழுத வேண்டியவன் நான். எழுதாமல் அவளை வெளியே அழைத்துப் போனேன். பிழை என்னுடையது. இழப்பு முழுவதும் அவளுடையது.' கையொப்பம் போட்டுத் தாளை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கிப் படித்தாள். கண் நிறைந்தது. இரண்டாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, தலை கனக்கிறது, கொஞ்சம் படுக்கிறேன் என்று உள்ளே போனாள்.

கனவில் அதே மாடிப்படி. ஐந்தாவது படியில் வழக்கம்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு காலை எடுத்து வைத்தாள். படி இருந்தது. சாதாரணப் படிதான், நடுவில் கொஞ்சம் தேய்ந்திருந்தது. அதில் இரண்டு காலையும் ஊன்றிச் சற்று நின்று பார்த்துவிட்டு, மேலே ஏறினாள். மூன்றாவது மாடியில் கதவு திறந்திருந்தது. மேசை, ஜன்னல், ஜன்னல் நிறையத் தண்ணீர். நாற்காலியில் பதினான்காம் வருடத்துக்காரி உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்து இடம் தரவில்லை, தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவளுக்கு வேலை நிறைய இருந்தது.

கண் விழித்தபோது வெளிச்சம் சுவரில் பாதி தூரம் ஏறியிருந்தது. கமா படுத்திருக்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில், அவள் பாதத்துக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். வெகுநேரமாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

"இன்னிக்கு நீ உதைக்கலியே," என்றார்.

"இல்லீங்க," என்றாள் அவள்.

அவர் தலையாட்டினார். எழுந்துபோகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். உதைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதுபோல் இருந்தது அவர் முகம்.