அருமை, தொடருங்கள்

எக்ஸ்ரே எடுக்கிறவள் நாள் முழுக்க மனிதர்களிடம் பேசுவது இவ்வளவுதான்: மூச்சை இழுங்க, அடக்குங்க, விடுங்க. அதற்கு மேல் அவளோடு பேச யாருக்கும் நேரமில்லை. வீட்டுக்குப் போனாலும் கதவைப் பூட்டுவதும் அவள்தான், திறப்பதும் அவள்தான். தனிமை பிடுங்கித் தின்றது. அதனால்தான் வலைப்பூ ஆரம்பித்தாள்.

வலைப்பூ உலகத்தில் ஓர் எழுதாத சட்டம் உண்டு. நீ என் பக்கம் வந்தால்தான் நான் உன் பக்கம் வருவேன். நாலு பேர் வர வேண்டுமென்றால் அவள் நாற்பது பேரிடம் போக வேண்டும். நாற்பதையும் படித்தால் வேலைக்கு யார் போவது? எதைப் படிப்பது, எதை விடுவது என்று கொஞ்ச நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். பிறகு சுலபமான வழியைப் பிடித்தாள்: எதையுமே படிப்பதில்லை. சாப்பாட்டு இடைவேளையில் தலைப்பை மட்டும் பார்த்து, 'அருமை, தொடருங்கள்' என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே போவாள். மற்றவர்களும் அவளுக்கு அதையேதான் செய்தார்கள். நல்ல பிழைப்பு.

ஒருவரைத் தவிர. 'அரைத்தூக்கம்' என்ற பெயரில் வருகிற அந்த மனிதர் மட்டும் எழுத்தெண்ணிப் படித்தார். "சட்டையைக் கழட்டக் கூச்சப்பட்ட அந்தப் பெரியவருக்காக நீங்க சுவர் பக்கம் திரும்பி நின்னீங்களே, அதை ரெண்டு தடவை படிச்சேன்" என்று எழுதுவார். அப்புறமென்ன, அவருக்குப் பிடிக்குமா என்று யோசித்துத்தான் எதை எழுதுவதென்றே முடிவு செய்தாள். அவர் எழுதியதையாவது படித்தாளா? வெட்கக்கேடு, அவரும் அந்த நாற்பதில் ஒருவர்தான்.

திடீரென்று அவர் வருவது நின்றது. அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்ன கோபமோ என்று அவர் பக்கத்தைத் திறந்தாள். கடைசிப் பதிவின் தலைப்பு, 'அப்பா நல்லாத் தூங்கிட்டார்'. கீழே அவளுடைய பின்னூட்டம்: 'அருமை! சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது.' தலைப்பைப் பார்த்து வேடிக்கைப் பதிவு என்று நினைத்திருந்தாள். இப்போதுதான் உள்ளே படித்தாள். அவருடைய அப்பா இறந்துபோயிருந்தார்.

ஆடிப்போய்விட்டாள். முதல் பதிவிலிருந்து உட்கார்ந்து படித்தாள். வலியில் தூங்காத அப்பா, பக்கத்தில் விழித்திருக்கும் மகன்; பதிவுக்குப் பதிவு அதுதான். எல்லாவற்றுக்கும் கீழே அவளுடைய 'அருமை'. அவர் வேறு யார் பக்கமும் போகாதவர், அதனால் அங்கே வேறு யாரும் வந்திருக்கவில்லை.

தங்கையைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"இதுக்குப் போய் அழுவியாக்கா? வேற எங்கயோ போட வேண்டியது இங்க விழுந்துடுச்சுன்னு சொல்லிடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமேடி."

"உன் நியாயத்தைத் தூக்கி உடைப்புல போடு. அந்த மனுஷன் திரும்ப வரணுமா, வேணாமா?"

வர வேண்டும். அதற்காகவே உண்மையை எழுதினாள். 'மன்னித்துவிடுங்கள். நீங்கள் எழுதிய எதையும் நான் இதுவரை படித்ததே இல்லை. இன்றுதான் எல்லாவற்றையும் படித்தேன்.'

மறுநாள் எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஆட்கள் காத்திருக்கும்போது பதில் வந்தது.

"அந்த 'வயிறு புண்ணாகிவிட்டது' கை தவறி வந்துடுச்சுன்னுதான் நெனச்சேன். உங்க மேல கோபமே இல்லைங்க, எதையும் படிக்க மனசு வரல, அவ்வளவுதான். நீங்க ஒருத்தராவது கூட இருக்கீங்கன்னு நம்பித்தான் அப்பா பக்கத்துல உட்கார்ந்து அத்தனையும் எழுதினேன். அப்போ நான் தனியாத்தான் உட்கார்ந்திருந்திருக்கேன்."