அரைகுறையின் தகரப்பெட்டி

அரைகுறையின் தகரப்பெட்டியைத் தூக்க எட்டுப் பேர் வந்தும் அது தரையை விட்டு ஒரு நூல்கூட எழும்பவில்லை. உள்ளே இருந்தது கம்பளி நூலும் வெட்டுத்துணியும் பின்னல் ஊசிகளும்தான். வந்தவர்கள் சோப்ளாங்கிகள் இல்லை, சரக்குக் கிட்டங்கியில் மூட்டை சுமந்து கழுத்து தடித்தவர்கள். அவர்களுக்குத் தலைவர் அரைகுறையின் கணவரே. லாரிக்குச் சக்கரம் மாற்றும்போது தூக்கி நிறுத்தும் ஜாக்கி உடைந்துபோக, வண்டியைத் தோளால் முட்டுக்கொடுத்து நிறுத்தியவர் என்பதால் அவருக்கு ஜாக்கி என்று பெயர். வங்கியின் இரும்புப் பெட்டகம், கடைசல் இயந்திரம், சர்க்கஸில் செத்துப்போன ஒட்டகம் என்று எதையும் இறக்காமல் அவர் வீடு திரும்பியதில்லை. மனைவியின் பெட்டியிடம்தான் முதல்முறையாகத் தோற்றார். தோற்றவர், பெட்டியை ஓர் உதை விட்டு, கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அரைகுறை என்ற பெயரை வைத்தது ஜாக்கியின் அக்கா. அந்த அம்மாள் ஆரம்பித்த எதையும் முடிக்காமல் எழுந்ததில்லை, அடுத்தவர் பேச்சைக்கூட அவரே முடித்துவைப்பார். தம்பி மனைவி அதற்கு நேர்மாறு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நீராவிக்கு நடுவே நின்று ஈரப் படுக்கைவிரிப்புகளை இழுத்து உருளையில் கொடுக்கும் வேலை அவளுக்கு. கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் ஏதாவது ஆரம்பிப்பாள். உடனே வீட்டில் ஏதாவது ஒன்று நடந்துவிடும். மகனுக்கு ஸ்வெட்டர் போட்டாள். இடதுகை முடிந்து வலதுகைக்குக் கண்ணி எடுக்கும்போது சலவைக்கூடத்தில் இரட்டை ஷிப்ட் வந்தது. ஜாக்கியின் பழைய சட்டைகளையும் கிழிந்த ஆஸ்பத்திரி விரிப்புகளையும் வெட்டி ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைத்தாள். மேல்துணி சேர்ந்து, பஞ்சு பரப்பி, பாதிக்குத் தையல் ஓடியிருந்தபோது ஜாக்கியின் கால்மேல் இயந்திரம் விழுந்தது. குடும்பத்தை அவள் ஒருத்தியே இழுத்தாள். அவளுடைய அம்மா செங்கல் சூளையில் வேலை பார்த்து மார்ச்சளி பிடித்தவள், ஒரு சால்வை கேட்டாள். கரை மட்டும் பாக்கி இருக்கும்போது அம்மா போய்விட்டாள். எல்லாம் பெட்டிக்குள் போனது. முடிக்காத வேலை, கிடக்கிற ஒவ்வொரு வருஷமும் கனத்துக்கொண்டு போனது. பெட்டியை யாரும் நகர்த்தாததால் அது யாருக்கும் தெரியவில்லை.

தெரிந்துகொண்ட முதல் ஆள் கீழ்வீட்டுக் கடிகார மெக்கானிக். அவருடைய கூரை நடுவில் வயிறு தள்ள ஆரம்பித்தது. அவர் ஒரு மரக்கம்பத்தை முட்டுக்கொடுத்தார், பிறகு அதை வருஷா வருஷம் கொஞ்சம் அறுத்துக் குட்டையாக்கினார். கடைசியில் வீட்டுக்குள் குனிந்தே நடந்து, அந்தப் பழக்கத்தில் தெருவிலும் குனிந்து, ரொம்பப் பணிவான மனுஷன் என்று பேர் வாங்கினார்.

கட்டடத்தை மழைக்கு முன் இடிக்கப் போவதாக வீட்டுச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். ஜாக்கி குடும்பம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இரண்டு அறையில் சொந்தமாக ஒரு வீடு கட்டி முடித்திருந்தது. கட்டில் போனது, பீரோ போனது. பெட்டி போகவில்லை. உள்ளே இருப்பதைத் தனித்தனியாக எடுத்துப் போகலாம் என்று பார்த்தார்கள். மூன்று வயதுப் பிள்ளையின் ஸ்வெட்டரை நான்கு பேர் பிடித்தும் அசையவில்லை. போர்வையின் ஒரு மூலையைத் தூக்கியவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவள் எடுத்தால் மட்டும் வந்தது, அதுவும் ஊசி ஓடிக்கொண்டிருக்கும்வரைதான். பின்னிக்கொண்டே மாடிப்படி இறங்கிப் பார்த்தாள். திருப்பத்தில் கைப்பிடியைப் பிடிக்க ஊசியை நிறுத்தினாள், அவள் நின்ற படிக்கட்டு இரண்டாக உடைந்தது.

"விட்டுட்டு வாயேன். அதுக்குள்ள அப்படி என்ன பொன்னா இருக்கு?" என்றார் ஜாக்கி.

"பெட்டி வந்தாதான் நான் வருவேன். இடிக்கிறவங்க என்னையும் சேத்து இடிக்கட்டும்."

"கிட்டங்கியில என்ன சொல்றானுங்க தெரியுமா? பொண்டாட்டி பெட்டியத் தூக்க முடியாதவன் எங்க சரக்கத் தூக்கப்போறான்னு கேக்குறானுங்க."

"நான் முடிக்கிறேன். முடிஞ்சா லேசாயிடும்."

ஜாக்கி சிரித்தார். அவர் சிரித்ததைவிட, கதவோரம் நின்ற அக்கா சிரிக்காமல் இருந்ததுதான் அவளுக்குச் சுட்டது. "நீ முடிக்கிறதுக்குள்ள மழை வந்து போயிடும். குடு இப்படி, நான் முடிச்சுத் தரேன்" என்று நாத்தனார் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஸ்வெட்டரைத் தரையில் வைத்தபடி கண்ணி எடுத்தார். நல்ல கை அவருக்கு, ஒரு கண்ணி தப்பாது. நாலு விரல் அகலம் பின்னி முடித்ததும் கீழேயிருந்து மெக்கானிக் கத்தினார்: "யாரு என்ன பண்றீங்க மேல? கூரை இன்னும் எறங்குது!" அரைகுறை அந்த நாலு விரலையும் உருவி, நூலைத் திரும்ப உருண்டையாகச் சுற்றினாள். "கோவிச்சுக்காதீங்க அண்ணி. பாதியில விட்டது நான்தானே, அது என்னைத்தான் கேக்குது" என்றாள். நாத்தனார் கோபித்துக்கொண்டுதான் போனார்.

சலவைக்கூடத்தில் அவள் லீவு கேட்டபோது மேற்பார்வையாளர் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்தார். யாருக்கும் ஒன்றுமில்லை, பின்னவேண்டும் என்றாள். காலியான வீட்டில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, முதலில் மகனின் வலதுகையை எடுத்தாள். கஷ்டம் முதல் வரியிலேயே வந்தது. அந்த ஸ்வெட்டரைப் போட்டபோது அவள் கை இளங்கை, நூலை இறுக்கிப் பிடிக்கும். இத்தனை வருஷ நீராவியில் விரல்கள் தடித்து, பிடி தளர்ந்து, இப்போது போடும் கண்ணி பட்டாணி அளவுக்கு விழுந்தது. சேரும் இடம் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. பழையதை உருவிவிட்டு எல்லாவற்றையும் ஒரே சீராகப் போடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். அன்றைக்குப் போட்டவளும் நான்தான், இன்றைக்கும் நான்தான், எதற்காக மறைக்கவேண்டும் என்று தோன்றியது. அப்படியே மேலே போட்டாள்.

அதன்பிறகு கம்பளி ஏற ஏற எடை இறங்கியது. வலதுகை முடிந்து நூலை அறுத்தபோது கீழே கம்பத்துக்கும் கூரைக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி விழுந்தது. மெக்கானிக் அதற்குள் ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டு, "அக்கா, இன்னைக்குத் தலை இடிக்கல, நடத்துங்க!" என்று குரல் கொடுத்தார். தினமும் காலையில் அவர் கூரை நிலவரம் சொல்வதும், அவள் மேலேயிருந்து காலால் தரையைத் தட்டிப் பதில் சொல்வதும் வழக்கமாயிற்று. வளர்ந்து இப்போது லாரி ஓட்டும் மகன் வந்து தன் ஸ்வெட்டரை வாங்கிப்போய் வண்டிக் கண்ணாடிக்கு மேலே தொங்கவிட்டான். ஒரு கை இறுக்கமும் ஒரு கை தளர்வுமாக அது ஆடுவதைப் பார்த்துக் கேட்டவர்களிடமெல்லாம், "எங்கம்மா முடிச்சது" என்றான். போட்டது என்று ஒருதடவைகூடச் சொல்லவில்லை.

போர்வைக்கு இன்னும் பாடு இருந்தது. மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் துளைத்து ஊசி ஏறவேண்டும், ஜாக்கியின் சட்டைத் தோள்பட்டைகள் மூட்டை உரசி உரசித் தோல் மாதிரி ஆகியிருந்தன. விரல் நுனி கிழிந்தது, துணி சுற்றிக்கொண்டு தைத்தாள். ஜாக்கி வேலை முடிந்து வந்து, போர்வையின் மறுமுனையை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். தைக்கத் தெரியாது, பிடிக்கத் தெரியும். அது முடிந்த அன்று, முன்பு ஒருவனுக்கு இடுப்பு பிடிக்கவைத்த போர்வையை அவர் ஒரு கையால் உதறி மடித்தார், மடித்ததை மறுபடி பிரித்து உதறினார்.

சால்வைதான் மிச்சம். அதை எடுக்க அவள் ஒரு நாள் முழுக்கத் தயங்கினாள். "அத விட்டுடேன். போத்திக்கிறவங்களே இல்ல, யாருக்குன்னு போடுவ?" என்றார் ஜாக்கி. இந்தமுறை அவர் கிண்டல் செய்யவில்லை. அவள், "பாதிச் சால்வையோட எங்கம்மா எத்தன வருஷம் நிப்பா?" என்று கேட்டுவிட்டு ஊசியை எடுத்தாள். கரை ஓடி முடிந்து கடைசிக் கண்ணிக்குள் நூலை இழுத்து இறுக்கினாள். கீழே கம்பம் தானாகச் சாய்ந்து விழுந்தது. கூரை மட்டமாகிவிட்டது. மெக்கானிக் நிமிர்ந்து நின்று பார்த்தார், முதுகு வலித்ததால் மறுபடி குனிந்துகொண்டார்.

பெட்டி எடுக்கும் நாளில் எட்டுப் பேரும் வடம், கழி சகிதம் வந்து நின்றார்கள். தெருவில் பாதிச் சனம் வேடிக்கைக்கு வந்திருந்தது, நாத்தனாரும் வந்திருந்தார். அவள் அம்மாவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு, மகன் ஸ்வெட்டர் போக மீதி எல்லாம் உள்ளே இருக்கப் பெட்டியின் காதில் ஒற்றை விரலை மாட்டித் தூக்கினாள். வந்தது. உடைந்த படியைத் தாண்டி இறங்கி, எட்டுப் பேருக்கும் நடுவே நடந்தாள். அவர்கள் வடத்தைச் சுருட்டிக்கொண்டு பின்னால் வந்தார்கள். ஆனால் தெருவுக்கு வந்ததும் பெட்டி அவள் இடுப்பைவிட்டுத் தோளுக்கு ஏறியது, தோளைவிட்டுத் தலைக்கு மேல் ஏறியது. வடத்தை அதன் காதில் கட்டி இழுத்துக்கொண்டு போனாள். ரயில்வே கேட் அருகே காற்று பிடித்துக்கொண்டது. ஜாக்கி பாய்ந்து வடத்தைப் பற்றினார். லாரியைத் தாங்கிய மனிதரின் குதிகால் இரண்டும் மண்ணைவிட்டுக் கிளம்பின.

"ஏய்! இது போயிரும் போலிருக்கு! எதையாவது ஆரம்பிச்சுத் தொலை!" என்று கத்தினார்.

ஆரம்பி என்று அவர் வாயிலிருந்து இதற்கு முன் ஒரு வார்த்தை வந்ததே இல்லை. அவள் கேட் பக்கத்துக் கல்லில் நிதானமாக உட்கார்ந்து, இடுப்பில் செருகியிருந்த ஊசியையும் நீல நூலுருண்டையையும் எடுத்துக் கண்ணி போட்டாள். நாத்தனார் மூச்சு வாங்க ஓடிவந்து, "யாருக்கும்மா இது?" என்றார்.

"உங்க தம்பிக்குத்தான் அண்ணி. இத்தன வருஷத்துல அவருக்குன்னு ஒண்ணும் போடல. உடம்பும் பெருசு, சீக்கிரம் முடியாது."

இரண்டு வரி ஏறியதும் ஜாக்கியின் கால் தரையில் பாவியது. பெட்டியை இழுத்து இறக்கி, நீலத்தை ஊசியோடு உள்ளே வைத்து மூடினார்கள். அன்றைக்கு ஆரம்பித்ததற்கு அன்றைய எடைதான், ஒரு ஆள் சுமைக்குச் சரியாக இருந்தது. ஜாக்கி அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கிட்டங்கி வழியாகச் சுற்றிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்.

இப்போது அந்த வட்டாரத்தில் புதிதாகக் குடிவந்தவர்கள் யாராவது அரைகுறை வீடு எது என்று கேட்டால் நாத்தனார், "என் தம்பி பொண்டாட்டிதான்" என்று கூடவே போய்க் காட்டிவிட்டு வருகிறார். சலவைக்கூடத்துப் பெண்கள் தங்கள் அரைகுறை வேலைப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வந்து உட்காருகிறார்கள், திரும்பும்போது ஒற்றைக் கையில் எடுத்துப்போகிறார்கள். நீல ஸ்வெட்டர் அக்குள் வரை வந்து நிற்கிறது. அவள் ஊசியை எடுத்தால், "மெதுவா போடு, என்ன அவசரம்" என்கிறார் ஜாக்கி. வீட்டுக்கு வருகிற ஆண்பிள்ளைகளை ஒரு தடவையாவது பெட்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்கிறார். அவர்களால் முடிவதில்லை. போன மாதத்திலிருந்து அவராலும் முடிவதில்லை. கீழே வேறு வீடு இல்லாததால் யாருக்கும் தொந்தரவு கிடையாது.